பெருக்கில் வந்தவள்

மூதூர்,
08.09.2024

என் தங்கச்சி ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? ஓர்ஸ் ஹில் அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? தலையிடி விட்டதா? களப்புச் சேற்றில் நாங்கள் எடுக்கிற மட்டிச் சிப்பியை வாங்கிப் பட்டினத்தில் விற்கிற முனீப் உன்னைச் சந்தையடியில் கண்டானாம். "ரிஸ்லா காத்தடிச்சா பறந்திருவா போல" என்று வந்து சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் கேட்கலாம்தான். போன் உன் மச்சானின் கையில் இருக்கிறது. அவர் லவுட் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். நான் உன்னிடம் கேட்கிற கேள்விக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும். அதனால் நம் கதையை எழுதி, படகில் போகிற முனீப்பின் கையில் கொடுப்பதுதான் எனக்குச் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாதர் சங்கத் தலைவி பஸ்மியா கூட்டம் போட்டா. களப்பின் வடக்குக் கரையில் வெளிநாட்டுக் காசில் கண்டல் மரக்கன்று நட்டார்களே, அது எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்து எழுத ஆட்கள் வருகிறார்களாம். பெண்களிடம் கதை கேட்டு எழுதப்போகிறவரின் பெயரைக் கடதாசியில் பார்த்து வாசித்தா. உன் பெயர்! "அது எங்கட ரிஸ்லா" என்று நான் கத்தியேவிட்டேன்.

ஒரு வருடமாக வேலையில்லாமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது கிடைத்த இந்தத் தற்காலிக வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக எடுப்பார்கள் என்று சொன்னாய் அல்லவா? ஒன்றுக்கும் யோசிக்காதே, இங்கே நான் இருக்கிறேன். என்ன சமைக்க என்று மட்டும் எழுது. எழுதாவிட்டாலும் மட்டிச் சுண்டல் கட்டாயம் இருக்கும்.

உன் ராத்தா,
நஜ்முன் நிஸா


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை
15.09.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதமும் தயிர்ச் சட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நான் சுகமாக இருக்கிறேன். மெலியவில்லை. முனீப்புக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

ராத்தா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வருகிறவர்களுக்கு முன்னால் நான் உங்கள் தங்கச்சி என்று காட்டிக்கொள்ளாதீர்கள். மதிப்பிடப் போகிற ஊரில் சொந்தக்காரர் இருந்தால் மதிப்பீடு செய்கிற எங்கள் கம்பனிக்கு முதலே சொல்ல வேண்டும் என்பது முறை. நான் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்றப்படி, பெண்கள் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். கன்றுகள் காய்ந்து பட்டிருந்தால் பட்டுப்போயின என்றே சொல்லட்டும்.

மாதக் கடைசியில் வருகிறோம். களப்பில் தண்ணீர் ஏறி நிற்கிற நல்ல பெருக்கு நேரமாகப் பார்த்து வருவோம். காசு கொடுத்த வெள்ளைக்காரரும் வருகிறார், அவரைச் சேற்றில் இறக்க ஏலாது, தோணியில் சுற்றிக் காட்டலாம்.

களப்பின் நடுத்திட்டில் இப்போதும் மட்டி கிடைக்கிறதா? நீங்கள் இன்னும் அங்கேதான் போகிறீர்களா? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
ரிஸ்லா


மூதூர்,
06.10.2024

என் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். நீயும் சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று முனீப் சொன்னான், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது சொல், நாங்கள் எப்படி? நிழலுக்குப் படங்கு கட்டி, கதிரை போட்டு, வெள்ளைக்காரருக்கு இளநீர் வெட்டி, திட்டத்தை நடத்துகிற கொழும்பு சேருக்கு மின்விசிறி வைத்து, ஒரு குறை இருந்ததா? நீ பேனையும் கையுமாக உட்கார்ந்திருந்து, "பின்னால இரிக்கிற அக்கா, நீங்க சொல்லுங்க" என்று என்னைக் கேட்டாயே, எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை. உன் வாயில் ராத்தா என்று வந்ததை நீ விழுங்கினாய். அதை நான் மட்டும்தான் கண்டேன்.

காலையிலேயே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "புள்ளட வேல இதில இரிக்கி. குறை இரிந்தா ஒரு நாளைக்கு வாய்க்குள்ள வச்சிக்கோங்க" என்றேன். நம் பெண்கள் அல்லவா, ஒருத்தியாவது மறுத்தாளா? கண்டல் நட்ட பிறகு மட்டி இரட்டிப்பு என்று பஸ்மியா சொன்னபோது எனக்கே நம்பத் தோன்றியது. வடக்குக் கரையில் மட்டியும் இல்லை, கன்றும் கொஞ்சம்தான் என்பது உனக்கும் தெரியும். அலைபடுகிற அந்த இடத்தில் எது வேர் பிடிக்கும்? தண்ணீர் இறங்குகிற வத்து நேரத்தில் வந்திருந்தீர்களானால் பட்ட குச்சிதான் நிறைந்து தெரிந்திருக்கும். நல்ல வேளை, பெருக்கில் வந்தீர்கள். தப்பி நின்ற கன்றுகளின் தலை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அந்த வெள்ளைக்காரருக்குத் தோணியில் இருந்து படம் எடுத்து எடுத்துக் கை உளைந்திருக்கும்.

நீ என்னிடம் கேட்டாய், திட்டம் இன்னும் பெரிதானால் மட்டி எடுப்பவர்களுக்கு ஏதும் கரைச்சலா என்று. கடதாசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ அவசரமாக என்னவோ எழுதினாய். அது சரியான பதில்தானே?

ஒரே ஒரு குறை. சட்டியை வழித்து என்னோடு சண்டை பிடிக்கிற நீ, மட்டிச் சுண்டலில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாய். உப்புக் கூடிவிட்டதா?

உன் ராத்தா


ஓர்ஸ் ஹில்
24.11.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் பிந்திவிட்டது, மன்னியுங்கள். இங்கே ஒரே மழை. துறைமுகப் பக்கம் பார்த்தால் கப்பல்களின் விளக்கு மட்டும்தான் தெரிகிறது. அங்கே களப்பு எப்படி? வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லையே?

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அறிக்கை போய்விட்டது, காசு கொடுத்தவர்களுக்கு மிகவும் திருப்தியாம். பஸ்மியாவுக்கும் மற்றவர்களுக்கும் என் ஸலாம் சொல்லுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இனி ஒருவரிடமும் கதைக்க வேண்டாம்.

சுண்டலில் உப்புச் சரியாகத்தான் இருந்தது.

ராத்தா, உங்களுக்கு முழங்கால் வலியும் கூடிக்கொண்டே போகிறது. எத்தனை காலத்துக்குத்தான் சேற்றில் இறங்குவீர்கள்? வேறு ஏதாவது செய்யலாமே என்று அடிக்கடி நினைக்கிறேன். ஒரு தையல் மெஷின் வாங்கி அனுப்பட்டுமா? பஸ்மியாவிடமும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சப்பாத்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ரிஸ்லா


மூதூர்,
19.01.2025

என் தங்கச்சி ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தானே? இங்கே மழை விட்டுவிட்டது, தடிமல் மட்டும் ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டு திரிகிறது. உன் வேலைச் செய்தி கேட்டு ஊருக்கெல்லாம் சர்க்கரைச் சோறு கொடுத்தேன். சப்பாத்து சின்னவனுக்கு அளவு, பெரியவனுக்கு விரல் இடிக்கிறது. தையல் மெஷினா? எனக்கு ஒரு பொத்தான் தைக்கவே உன் மச்சான் ஊசி கோத்துத் தர வேண்டும். சும்மா இரு.

இப்போது ஒரு கரைச்சல். போன கிழமை ஆட்கள் வந்து நடுத்திட்டைச் சுற்றித் தடி நட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள். கண்டல் திட்டத்தின் இரண்டாம் கட்டமாம். கன்று வளரும்வரை மூன்று வருடம் ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாதாம். காவலுக்கு ஒருவன், எங்களைக் கண்டால் விசில் ஊதுகிறான். "பொம்புளையள்தான் வேணும் எண்டு கேட்டதாம்" என்கிறான். யார் கேட்டது? நடுத்திட்டை விட்டால் எங்களுக்கு வேறு எங்கே மட்டி?

யாரோ இடத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. நீ உள்ளுக்குள் இருக்கிறவள், ஒரு வார்த்தை கதைத்தால் சரியாகும். பஸ்மியா தினமும் வந்து கேட்கிறா. ரிஸ்லாவுக்கு எழுதியிருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். உடனே பதில் எழுது.

உன் ராத்தா


மூதூர்,
16.02.2025

ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்குச் சுகமில்லையோ என்று பயந்துபோய் முனீப்பைக் கேட்டேன். போன கடிதத்தை உன் கையிலேயே கொடுத்தானாம். நீ அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாயாம், ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். வேலை கூட என்று நினைத்துக்கொண்டேன்.

கயிறு அப்படியே இருக்கிறது. உள்ளே கன்றும் நட்டுவிட்டார்கள். ஆறு விழுகிற பக்கம் கொஞ்சம் மட்டி இருக்கிறது. அங்கே நெஞ்சளவு தண்ணீர், இழுவையும் கூட. நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் போகிறார்கள். எனக்குத்தான் நீந்த வராதே. நான் இறால் கொட்டிலுக்கு உரிக்கப் போகிறேன். ஐஸ் பட்டு விரல் வெடித்திருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஒருவரும் உன்னைக் குறை சொல்லவில்லை. என்னைத்தான் பார்க்கிறார்கள். வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் நான் அல்லவா? பஸ்மியா கிணற்றடியில் என்னைக் கண்டால் வாளியோடு திரும்பிப் போகிறா. ஏசினாலும் தாங்குவேன், இது தாங்க ஏலாமல் இருக்கிறது.

நோன்பு வருகிறது. அதற்கு முன்னால் ஒரு பதில் போடு, ஒரு வரி போதும்.

ராத்தா


ஓர்ஸ் ஹில்
27.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். விரலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் பூசுங்கள்.

நீங்கள் எழுதிய விஷயத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இப்படியான திட்டங்களில் எதையும் உடனே மாற்ற ஏலாது. அடுத்த கண்காணிப்பின்போது பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். பொறுமையாக இருங்கள்.

ஆறு பக்கம் நீங்கள் போக வேண்டாம். பேரீச்சம்பழமும் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பும் முனீப்பிடம் கொடுத்திருக்கிறேன். துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிஸ்லா


மூதூர்,
06.04.2025

ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் போய்விட்டது. பிள்ளைகள் நீ அனுப்பிய உடுப்பைப் போட்டார்கள். மற்ற வருடங்களில் பஸ்மியா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். இந்த வருடம் வரவில்லை.

வியாழக்கிழமை கொழும்பு சேர் கூட்டம் வைத்தார். பெண்கள் எல்லோரும் போய் நடுத்திட்டை விடச் சொல்லிக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து அறிக்கையை எடுத்தார், தமிழில் இருந்தது, நீங்கள் சொன்னதைத்தானே செய்தோம் என்று வாசித்துக் காட்டினார். மட்டி எடுக்கும் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் சொன்னாராம்: "நடுத்திட்டிலும் கண்டல் நட்டால் எங்களுக்குச் சந்தோசம். மட்டி எடுப்பதை விட்டுவிட நாங்கள் ஆயத்தம்."

அந்த வயதில் அன்றைக்குக் கதைத்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்மியா கேட்டா, "நிஸா, நீ இதச் சொன்னியா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி அதை யார் எழுதியது என்பதுதான். அறிக்கையின் முன்பக்கத்தில் உன் பெயர் இருந்தது, சேரின் கைக்குக் கீழே கண்டேன். நான் எழும்பி நின்றேன். "ஓம், நான்தான் சொன்னன்" என்றேன். ஒவ்வொருவராக எழும்பிப் போய்விட்டார்கள். கடைசியில் நானும் கதிரைகளும்தான் இருந்தோம்.

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களை எடுத்து வாசித்தேன். முழங்கால் வலி, எத்தனை காலத்துக்குச் சேற்றில் இறங்குவீர்கள், தையல் மெஷின். என்மேல் எவ்வளவு இரக்கம் என்று அப்போது நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

இப்போது நீ சொல். நான் அதைச் சொன்னேனா?

நஜ்முன் நிஸா


ஓர்ஸ் ஹில்
20.04.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்க வெட்கமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. விரல் ஆறிவிட்டதா?

நீங்கள் அதைச் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியாததா?" என்றுதான் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். நடுத்திட்டில் உங்களோடு சேற்றில் உட்கார்ந்து பழகியவள் நான். அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். ஊர்ப் பெண்கள் விரும்பிக் கேட்பதாக ஒரு வார்த்தை இருந்தால் அறிக்கை பலமாக இருக்கும் என்று கம்பனியில் சொன்னார்கள். இந்த அறைக்கு வந்து, உங்கள் சிரிப்பைச் சம்மதம் என்று எழுதினேன்.

நடுத்திட்டு இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது என்பதை நான் வருவதற்கு முன்பே திட்டத்தில் பார்த்திருந்தேன். இன்னும் அங்கே போகிறீர்களா என்று சும்மா கேட்டேன் என்றேனே, அது சும்மா இல்லை. இல்லை என்று நீங்கள் எழுதினால் மனம் கொஞ்சம் இலேசாகும் என்று பார்த்தேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, சுண்டல் சமைத்து வைத்தீர்கள். அது நடுத்திட்டு மட்டி. வாயில் வைத்ததுமே தெரிந்தது, அதற்குமேல் இறங்கவில்லை.

பெருக்கு நேரத்தைத் தெரிந்தெடுத்ததும் வெள்ளைக்காரருக்காக இல்லை. பட்ட குச்சிகள் தெரியக் கூடாது என்பதற்காக.

நீங்கள் எழும்பி நின்றீர்கள் என்று எழுதிய வரியை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது ராத்தா. அதைவிட வேறு நியாயம் என்னிடம் இல்லை.

இன்றைக்குக் கம்பனிக்கும் காசு கொடுத்தவர்களுக்கும் எல்லாவற்றையும் அறிவித்துவிட்டேன். நான் உங்கள் தங்கச்சி என்பது, நீங்கள் சொல்லாததை எழுதியது, பெருக்கு நேரம், எல்லாம். திரும்பவும் பார்க்க வேறு ஆட்கள் வருவார்கள். அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். என்னைப் பற்றியும் சொல்லுங்கள். இந்த முறை என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

பதில் எழுதாவிட்டாலும் நான் குறை நினைக்க மாட்டேன்.

ரிஸ்லா


மூதூர்,
15.06.2025

ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து எழுதுகிறேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அறையைக் காலி செய்யப்போகிறாய் என்று முனீப் வந்து சொன்னான். நீ அதை எனக்கு எழுதவில்லை.

புதிய ஆட்கள் வந்தார்கள். மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை. வத்து எப்போது என்று கேட்டுக்கொண்டு வந்தா. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வடக்குக் கரை முழுவதும் நடந்தா. பட்ட குச்சிகளை எண்ணி எண்ணிக் களைத்துப்போனா. பிறகு எங்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டா.

என் முறை வந்தது. நீ எழுதியிருந்தாய்தான், ஆனாலும் உன்னைப் பற்றி என் வாயால் சொல்ல வேண்டுமே. "அண்டைக்கு நாங்க பொய் சொன்னம். வந்தவ என்ட தங்கச்சி, அதால சொன்னம். வாய மூடச் சொன்னவள் நான்" என்றேன். சொல்லி முடித்துவிட்டு அழுதேன். அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

முடிவு வரும்வரை கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். முடிவு என்னவாகும் என்று ஒருவருக்கும் தெரியாது. நடுத்திட்டில் நட்ட கன்றில் பாதி சரிந்துபோயிற்று. நட்டவர்கள் மிதித்த இடத்தில் மட்டி இன்னும் வரவில்லை, ஓரத்தில் கொஞ்சம் கிடைக்கிறது. பஸ்மியா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எடுக்கிறா, கதைப்பதில்லை. நேற்று மட்டி போடுகிற என் பேசின் தண்ணீரில் மிதந்து போனபோது பிடித்துத் தந்தா.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று எழுத மாட்டேன், பொய்யாகிவிடும். வேலைக்காக எழுதினாய், அது விளங்குகிறது. நான் மற்றவர்களின் வாயை அடைத்ததும் அந்த வேலைக்காகத்தானே? எனக்கு ஆறாதது வேறொன்று. அன்றைக்குப் படங்கின் கீழே ஒரு தரம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தாயானால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். எத்தனை பேர் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அறையைக் கொடுத்துவிட்டு வா. வாடகைக்கு வேறு இடம் தேடிக்கொண்டு அங்கே இருக்க வேண்டாம். இங்கே மச்சான் உனக்கு அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறார். காலைப் படகில் வந்தாயானால் வத்து நேரம், பெண்கள் எல்லோரும் நடுத்திட்டில்தான் இருப்பார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வா. பழைய உடுப்பு ஒன்று கொண்டுவா, இறங்க வேண்டும்.

அவர்கள் உன்னைப் பார்த்துச் சொல்ல நிறைய வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொள். இந்த முறை ஒருத்தியின் வாயையும் நான் மூட மாட்டேன். உனக்குப் பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான்.

உன் ராத்தா,
நஜ்முன் நிஸா